எது எதைப் பிடித்து வைத்திருக்கிறது? வெப்பநிலை மாறா நிகழ்வும் அழுத்தம் மாறா நிகழ்வும்

ஓர் உருளைக்குள் ஒரு மோல் நைட்ரஜன் இருக்கிறது. அதற்கு 8,730 ஜூல் வெப்பம் கொடுக்கிறோம். வெப்பநிலை எவ்வளவு உயரும்? இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாது. உருளையின் மேல் என்ன இருக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு வகையில் வைத்தால் வாயு 27 டிகிரி செல்சியஸிலிருந்து 327 டிகிரிக்குப் போய்விடும். இன்னொரு வகையில் வைத்தால் ஒரு டிகிரிகூட ஏறாது. வாயுவும் அதுதான், கொடுத்த வெப்பமும் அதுதான்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நான்கு நிகழ்வுகள் அடுத்தடுத்து வருகின்றன. மாணவர்கள் நான்குக்கும் சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவற்றில் வெப்பநிலை மாறா நிகழ்வும் அழுத்தம் மாறா நிகழ்வும்தான் ஒன்றோடொன்று அதிகம் குழம்புகின்றன. குழப்பம் கணக்கில் இல்லை. மாறாமல் இருக்கும் அளவை மாறாமல் வைத்திருப்பது எது என்று யோசிக்காமல் சூத்திரத்துக்குப் போவதில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நியூட்டனிலிருந்து டீசல் வரை பலர் தட்டுத் தடுமாறித்தான் எட்டினார்கள். அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் பாடம் எளிதாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

உருளையைக் கிட்டத்தில் பார்ப்போம்

செங்குத்தாக நிற்கும் ஓர் உருளை. உராய்வில்லாமல் ஏறி இறங்கும் பிஸ்டன். அதன்மேல் ஓர் எடைக்கல். அடியில் மெல்லச் சூடேற்றுகிறோம். வாயு விரிகிறது, பிஸ்டன் ஏறுகிறது. பிஸ்டனை மேலிருந்து அழுத்துபவை இரண்டு: வெளிக்காற்று, எடைக்கல். இரண்டும் மாறவில்லை. பிஸ்டன் மெதுவாக ஏறும்வரை உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமும் அந்த இரண்டின் கூட்டுத்தொகையாகவே இருந்தாக வேண்டும். எவ்வளவு சூடேற்றினாலும் அழுத்தம் கூட வழியில்லை. இது அழுத்தம் மாறா நிகழ்வு.

இப்போது எடைக்கல்லுக்குப் பதில் மணலைக் குவித்து, உருளையை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். மணலை ஒவ்வொரு துகளாக எடுக்கிறோம். ஒரு துகள் போனதும் வாயு மிகச் சிறிது விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளியதில் வேலை செய்ததால் அதன் ஆற்றல் மிகச் சிறிது குறைகிறது. உடனே தொட்டித் தண்ணீரிலிருந்து வெப்பம் உள்ளே வந்து அந்தக் குறையை நிரப்புகிறது. தொட்டி பெரியது, ஆகவே அதன் வெப்பநிலை மாறாது. வாயுவின் வெப்பநிலையும் மாறாது. இது வெப்பநிலை மாறா நிகழ்வு. பாடநூல் இதை மீமெது நிகழ்வு என்று வலியுறுத்துவது இதற்காகத்தான். வெப்பம் சுவரைக் கடந்து வருவதற்கு நேரம் வேண்டும்.

முன்னதில் அழுத்தத்தைப் பிஸ்டனின் சுமை பிடித்து வைத்திருக்கிறது. பின்னதில் வெப்பநிலையைத் தொட்டித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டிலும் பிடிப்பது வாயு அல்ல, வெளியே இருக்கும் ஒன்று.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நம் ஒரு மோல் நைட்ரஜனை நல்லியல்பு வாயுவாகக் கொண்டால், 300 கெல்வினில், 1 பார் அழுத்தத்தில் அதன் பருமன் ஏறத்தாழ 24.9 லிட்டர். அதை இரு மடங்காக்குகிறோம். அழுத்தம் மாறாமல் விரிந்தால், பருமன் இரட்டிப்பாக வெப்பநிலையும் இரட்டிப்பாகி 600 கெல்வின் ஆகும். வாயு செய்த வேலை 2,494 ஜூல். அக ஆற்றலில் சேர்ந்தது 6,236 ஜூல். இரண்டும் சேர்ந்து உள்ளே வந்த வெப்பம் 8,730 ஜூல். வெப்பநிலை மாறாமல் விரிந்தால் அழுத்தம் பாதியாகி 0.5 பாருக்கு இறங்கும். செய்த வேலை 1,729 ஜூல். உள்ளே வந்த வெப்பமும் அதே 1,729 ஜூல். அக ஆற்றலில் சேர்ந்தது சுழி. வருமானம் முழுவதையும் அன்றன்றே செலவழிக்கும் குடும்பம் வெப்பநிலை மாறா நிகழ்வு. ஏழு ரூபாய் வந்தால் இரண்டைச் செலவழித்து ஐந்தைச் சேர்த்து வைக்கும் குடும்பம், நைட்ரஜன் போன்ற ஈரணு வாயுவின் அழுத்தம் மாறா நிகழ்வு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். அதே 8,730 ஜூலையும் வெப்பநிலை மாறாமல் கொடுத்தால் என்ன ஆகும்? வந்த வெப்பம் முழுவதும் வேலையாகப் போக வேண்டும். அதற்கு வாயு 33 மடங்கு விரிய வேண்டும்; அழுத்தம் 33-இல் ஒரு பங்காகச் சரியும். அழுத்தம் மாறாத வழியில் இரண்டு மடங்கு விரிவு, வெப்பநிலை மாறாத வழியில் முப்பத்து மூன்று மடங்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய எந்திரத்தின் கதையில் இது மீண்டும் தேவைப்படும்.

மூலக்கூறுகளின் பக்கமிருந்து பார்த்தாலும் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். வெப்பநிலை மாறாமல் பருமன் இரட்டிப்பானால் மூலக்கூறுகளின் வேகம் மாறாது, நெருக்கம் பாதியாகும். பிஸ்டனில் நொடிக்கு விழும் மோதல்கள் பாதியாகும். ஒவ்வொரு மோதலின் பலமும் பழையபடியே இருக்கும். ஆகவே அழுத்தம் பாதி. அழுத்தம் மாறாமல் இரட்டிப்பானால் நெருக்கம் பாதியானாலும் வேகம் 41 விழுக்காடு கூடுகிறது. அதனால் ஒரே அளவு பரப்பில் விழும் மோதல்கள் 71 விழுக்காடாகத்தான் குறைகின்றன, ஒவ்வொன்றின் பலமும் 41 விழுக்காடு கூடுகிறது. பெருக்கிப் பாருங்கள்: மோதல் குறைந்ததும் பலம் கூடியதும் சரிக்குச் சரி. அழுத்தம் மாறாமல் நிற்பதன் பொருள் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்பது அல்ல. இரண்டு பெரிய மாற்றங்கள் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன.

தொடக்கமும் முடிவும் போதாது

தேர்வுகளில் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 300 கெல்வினில் தொடங்கிய வாயு 300 கெல்வினில் முடிந்தால் அது வெப்பநிலை மாறா நிகழ்வா? கட்டாயமில்லை. மேலே சொன்ன வாயுவை முதலில் அழுத்தம் மாறாமல் 600 கெல்வின் வரை விரித்து, பிறகு பிஸ்டனைப் பூட்டிவிட்டுக் குளிரவைத்தால் அதே 300 கெல்வின், அதே 0.5 பார், அதே 49.9 லிட்டரில் போய் நிற்கும். அக ஆற்றலின் மாற்றம் இரு வழியிலும் சுழியே. ஆனால் இந்த வழியில் செய்த வேலை 2,494 ஜூல், வெப்பநிலை மாறாத வழியில் 1,729 ஜூல். அழுத்தம்–பருமன் வரைபடத்தில் இரு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து நேர்க்கோட்டால் இணைத்தாலும் அது வெப்பநிலை மாறாக் கோடு ஆகாது. நடுவில் அழுத்தம் 0.75 பார், பருமன் ஒன்றரை மடங்கு; பெருக்கினால் வெப்பநிலை 337.5 கெல்வின். நல்லியல்பு வாயுவின் வெப்பநிலை மாறாக் கோடு எப்போதும் தொங்கும் வளைவு. அழுத்தம் மாறாக் கோடு எப்போதும் கிடைக்கோடு.

விதிகள் வந்த வழி

1662-இல் ராபர்ட் பாயில் தம் அளவீடுகளை வெளியிட்டார். வளைந்த கண்ணாடிக் குழாயின் மூடிய முனையில் காற்றை அடைத்து, திறந்த முனையில் பாதரசத்தை ஊற்றி, அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் மாறுவதைக் காட்டினார். பாதரசம் மெதுவாக ஊற்றப்பட்டது. அடைபட்ட காற்று சூடானாலும் அந்த வெப்பம் கண்ணாடி வழியே அறைக்குப் போக நேரம் இருந்தது. அறையே அவருக்குத் தொட்டித் தண்ணீரின் வேலையைச் செய்தது.

அழுத்தத்தை நிறுத்தி வைத்துச் சூடேற்றும் பக்கத்தில் 1780-களில் ஜாக் சார்லஸ் வேலை செய்தார், வெளியிடவில்லை. 1802-இல் கே-லூசாக் அவருக்கு உரிய பெருமையைக் கொடுத்துத் தம் முடிவுகளை அச்சிட்டார்: பனி உருகும் நிலையில் 100 பங்கு இருக்கும் வாயு, நீர் கொதிக்கும் நிலையில் 137.5 பங்காகும், எந்த வாயுவானாலும் இதுவே. இன்றைய அளவு 136.6. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கருவிகளுக்கு இது வியக்கத்தக்க துல்லியம்.

இவ்விரண்டுக்கும் நடுவே நியூட்டனின் தவறு வருகிறது. காற்றில் ஒலியின் வேகத்தைக் கோட்பாட்டால் கணித்தவர், ஒலி அலையில் காற்று அமுங்குவதும் விரிவதும் பாயிலின் விதிப்படி நடப்பதாகக் கொண்டார். அதாவது வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டார். நொடிக்கு 979 அடி கிடைத்தது. அளந்து கண்டதோ சுமார் 1,142 அடி. இடைவெளியை நிரப்பக் காற்றுத் துகள்களின் பருமனையும் காற்றிலுள்ள ஆவியையும் காரணம் காட்டினார், எதுவும் நிலைக்கவில்லை. 1816-இல் லாப்லாஸ்தான் திருத்தினார். ஒலி அலையில் அமுங்கிய இடத்திலிருந்து வெப்பம் வெளியேற நேரமே இல்லை. ஆகவே அது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. நிகழ்வு எந்த வகை என்று முடிவு செய்யாமல் விதியைக் கையாண்டால் நியூட்டனுக்கும் கணக்கு தவறும்.

வெப்பம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை 1840-களில் கிடைத்தது. வாயுவை அழுத்தம் மாறாமல் சூடேற்ற, பருமன் மாறாமல் சூடேற்றுவதைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. அந்தக் கூடுதல்தான் பிஸ்டனைத் தூக்கும் வேலை என்று ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர் கண்டார். அதைக்கொண்டே வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள மாற்று விகிதத்தைக் கணக்கிட்டு 1842-இல் வெளியிட்டார்: ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பம், அதே எடையை 365 மீட்டர் உயரம் தூக்கும் வேலைக்குச் சமம். சரியான அளவு 427 மீட்டர். கையில் கிடைத்த வாயுத் தரவுகளில் பிழை இருந்தது, சிந்தனையில் இல்லை. ஆற்றல் அழிவின்மைக்கு முதல் எண் அழுத்தம் மாறா நிகழ்விலிருந்து பிறந்தது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

வெப்பநிலை மாறா நிகழ்வுக்கு அடிக்கல் நாட்டியவர் ஜூல். 1845-இல் ஒரு செம்புக் கலத்தில் காற்றை 22 வளிமண்டல அழுத்தத்துக்கு அடைத்து, காற்று நீக்கிய இன்னொரு கலத்தோடு இணைத்து, இரண்டையும் தண்ணீருக்குள் வைத்துத் திருகைத் திறந்தார். காற்று பாய்ந்து விரிந்தது. தண்ணீரின் வெப்பநிலை மொத்தத்தில் மாறவில்லை. வெளியே வேலை எதுவும் செய்யாமல் விரியும் காற்றின் அக ஆற்றல் பருமனைப் பொறுத்து மாறுவதில்லை, வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது என்று இதிலிருந்து தெரிந்தது. பிறகு இயற்பியலாளர் தாம்சனோடு சேர்ந்து அவரே செய்த நுட்பமான சோதனைகளில், மெய்யான வாயுக்கள் மிகச் சிறிதளவு விலகுவது தெரியவந்தது. நல்லியல்பு வாயுவுக்கு விதி முழுமையாகப் பொருந்தும்.

குழப்பத்தின் ஊற்று

இரண்டையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? என் கணிப்பில், கொதிக்கும் நீரிலிருந்து. திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கிறது. அழுத்தம் வளிமண்டல அழுத்தம், மாறவில்லை. வெப்பநிலை 100 டிகிரி, அதுவும் மாறவில்லை. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. வெப்பம் தொடர்ந்து ஏறும்போது இரண்டும் ஒருசேர நிற்பதைப் பிள்ளைப் பருவம் முதல் பார்த்து வருகிறோம்.

1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வெவ்வேறு வெப்பநிலைகளில் அழுத்திப் பார்த்து வரைந்த கோடுகள் இதற்கு முழு விளக்கம் தருகின்றன. சுமார் 31 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு வெப்பநிலை மாறாக் கோடும் ஓரிடத்தில் கிடைமட்டமாகிவிடுகிறது. அந்தப் பகுதியில் வாயு திரவமாகிறது; அங்கே வெப்பநிலை மாறாக் கோடும் அழுத்தம் மாறாக் கோடும் ஒன்றே. 31 டிகிரிக்கு மேலே அந்தக் கிடைப்பகுதி மறைந்துபோகிறது. இன்னும் உயர உயர, பாயில் கண்ட வளைவை நெருங்குகிறது.

நல்லியல்பு வாயு திரவமாவதே இல்லை. அதில் அழுத்தமும் வெப்பநிலையும் இரண்டுமே மாறாவிட்டால் பருமனும் மாற முடியாது. அதாவது எந்த நிகழ்வும் நடக்கவில்லை. ஆகவே நல்லியல்பு வாயுவில் ஒரு நிகழ்வு ஒரே நேரத்தில் இவ்விரண்டாகவும் இருக்க இயலாது. நீராவிக்குப் பொருந்துவதைக் காற்றுக்குப் பொருத்தும்போதுதான் கால் இடறுகிறது.

எந்திரங்களின் சாட்சி

இந்த வேறுபாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் பொறியாளர்கள். 1824-இல் சாடி கார்னோ, இரு வெப்பநிலைகளுக்கு நடுவே இயங்கும் எந்திரங்களில் மிகச் சிறந்தது வெப்பத்தை வெப்பநிலை மாறாமல் வாங்கி, வெப்பநிலை மாறாமல் விடுவது என்று காட்டினார். பத்தாண்டு கழித்துக் கிளாப்பிரான் அதை அழுத்தம்–பருமன் வரைபடமாக்கினார்.

ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் எரிக்சன், வெப்பக் காற்றால் ஓடும் கப்பலைக் கட்டி 1853-இல் ஓட்டிக் காட்டினார். அதன் உருளைகள் 14 அடி விட்டம் கொண்டவை. வெளியேறும் காற்றின் வெப்பத்தைக் கம்பி வலைகளில் தேக்கி, உள்ளே வரும் காற்றுக்கு அழுத்தம் மாறாமல் திருப்பிக் கொடுப்பது அவர் உத்தி. கப்பல் ஓடியது, திறன் போதவில்லை, பின்னர் நீராவி எந்திரம் பொருத்தப்பட்டது. பாடநூல்களில் அவர் பெயரால் நிற்கும் சுழற்சியில் இரண்டு வெப்பநிலை மாறாக் கட்டங்களும் இரண்டு அழுத்தம் மாறாக் கட்டங்களும் உண்டு. நல்லியல்பு வாயுவில் அழுத்தம் மாறா வெப்ப ஏற்புத்திறன் அழுத்தத்தைப் பொறுத்து மாறாததால், ஒரு கட்டம் விடும் வெப்பம் மற்றக் கட்டத்துக்கு அப்படியே போதுமானதாகிறது. இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல சுழற்சி இல்லை.

ருடால்ஃப் டீசலின் கதை இன்னும் தெளிவானது. 1892-இல் அவர் விண்ணப்பித்த முதல் காப்புரிமையின் உயிர்நாடி, எரிபொருள் எரியும்போது வெப்பநிலை ஏறக்கூடாது என்பது. கார்னோவின் இலட்சியத்தை உள்ளெரி எந்திரத்தில் நிறைவேற்ற நினைத்தார். அதற்கு 250 வளிமண்டல அழுத்தம் வரை காற்றை அமுக்கத் திட்டமிட்டார். அந்த முப்பத்து மூன்று மடங்கை இங்கே நினைத்துப் பாருங்கள். எரியும் வெப்பத்தையெல்லாம் வெப்பநிலை ஏறாமல் வாங்க வேண்டுமென்றால் வாயு அந்த அளவில் விரிய வேண்டும், உச்ச அழுத்தத்திலிருந்து சரசரவென்று இறங்க வேண்டும். அவ்வளவு அமுக்கிவிட்டுக் கிடைக்கும் நிகர வேலை உராய்வுக்கே போய்விடும். டீசல் இதை உணர்ந்தார். 1893 நவம்பரில் விண்ணப்பித்த இரண்டாம் காப்புரிமையில் அழுத்தம் மாறா எரிப்புக்கு வழி வைத்தார். 1897 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தபோது எந்திரத்தின் பயனுறுதிறன் 26.2 விழுக்காடு. அன்றைய நீராவி எந்திரங்கள் அதை நெருங்கவில்லை. இன்று பாடநூலில் டீசல் சுழற்சி என்றால் அழுத்தம் மாறா வெப்பமேற்றம். அதைக் கண்டவர் தொடங்கியதோ நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து.

இன்னொன்று, கண்ணெதிரே பார்க்கக்கூடியது. பெரிய ஏர் கம்ப்ரஸர்களில் இரண்டு உருளைகள், நடுவே தகடுகள் செருகிய குளிர்விப்புக் குழாய் இருக்கும். ஒரு மோல் காற்றை 1 பாரிலிருந்து 8 பாருக்கு வெப்பநிலை மாறாமல் அமுக்க 5,187 ஜூல் போதும். வெப்பம் வெளியேற விடாமல் ஒரே மூச்சில் அமுக்கினால் சுமார் 7,080 ஜூல் ஆகும், காற்றும் 270 டிகிரிக்குச் சூடாகும். இரண்டு கட்டமாக அமுக்கி நடுவில் பழைய வெப்பநிலைக்குக் குளிரவைத்தால் 6,040 ஜூல். அந்த நடுக்குழாயில் நடக்கும் குளிர்விப்பு ஏறத்தாழ அழுத்தம் மாறா நிகழ்வு. அதைப் படிக்கட்டாக வைத்து வெப்பநிலை மாறாக் கோட்டை நெருங்குகிறார்கள்.

மாணவர் மனத்தில் நடப்பது

இந்தப் பாடத்தில் மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மெல்ட்சர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீருக்குள் இருக்கும் உருளையை மாணவர் முன் வைத்தார்: முதலில் சுமை மாறாமல் சூடேற்றம், பிறகு தண்ணீரின் வெப்பநிலை மாறாமல் எடைகளைக் கூட்டி அமுக்கல், கடைசியில் பிஸ்டனைப் பூட்டிக் குளிர்வித்தல். நடுக்கட்டத்தில், வெப்பநிலை மாறவில்லை என்பதால் வெப்பமே கடக்கவில்லை என்று பலர் சொன்னார்கள். வெப்பம் கடப்பதால்தானே வெப்பநிலை மாறாமல் நிற்கிறது! வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் மறுபக்கத் தவறு பதிவானது. தடையின்றி ஏறும் பிஸ்டன் கொண்ட உருளையைச் சூடேற்றினால், வெப்பநிலை ஏறியதால் அழுத்தமும் ஏறியிருக்கும் என்று பலர் எழுதினார்கள். பிஸ்டன்மேல் உள்ள சுமையை அவர்கள் பார்க்கவே இல்லை. சூத்திரத்தில் இரண்டு எழுத்துகளை மட்டும் பார்த்து மூன்றாவதை மறந்தார்கள்.

இரண்டு தவறுகளும் வேறு வேறானவை போலத் தோன்றினாலும் இரண்டிலும் விடுபட்டது ஒன்றுதான்: உருளைக்கு வெளியே இருக்கும் தொட்டியும் சுமையும். கரும்பலகையில் முதலில் வளைவை வரைந்து, பிறகு சூத்திரம் எழுதி, கடைசியில் கணக்குப் போடும் நம் வழக்கம் இவ்விரண்டையும் மாணவர் கண்ணில் படாமலே செய்துவிடுகிறது.

ஆசிரியர்களிடமும் கேள்வித்தாள் அமைப்போரிடமும் ஒரு வேண்டுகோள். 'ஒரு வாயு வெப்பநிலை மாறா நிகழ்வில் விரிகிறது' என்று நிகழ்வின் பெயரைச் சொல்லிக் கணக்கைத் தொடங்காதீர்கள். உருளை, பிஸ்டன், அதன்மேல் உள்ள சுமை, சுற்றியுள்ள தொட்டி ஆகியவற்றை மட்டும் விவரித்து, இது எந்த நிகழ்வு, ஏன் என்று கேளுங்கள். அந்தப் பகுதிக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். மீதிக் கணக்கை மாணவர்கள் ஏற்கெனவே நன்றாகவே போடுகிறார்கள்.